பாவா பார்த்த பறவை

கப்பல்கள் போகும் கால்வாயின் கரையில் இருக்கிற கம்போவா ஊரில் போய் நெரெய்தா சமுதியோவின் வீடு எது என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். பாவா வீடு எது என்று கேளுங்கள். தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வந்து வழி காட்டும். பாவா என்பது அந்தப் பக்கத்துக் காட்டுக்கோழி. தலையில் கொண்டை, நீளமான வால், கழுத்தடியில் சிவப்பாக ஒரு தொங்கல். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்ப்பதற்கென்று யாரும் மெனக்கெட்டுக் காட்டுக்குள் போவதில்லை. அந்தக் காலத்தில் அதைப் பிடித்துக் குழம்பு வைத்தார்கள். வேட்டைக்குத் தடை வந்த பிறகு அந்த ருசியைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஐம்பது தாண்டியவள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தவள், கால்வாயில் தூர்வாரும் கப்பலின் சமையலறையில் அண்டா அண்டாவாகச் சோறும் பயறும் வேகவைக்கிற பெண்மணி. அவளுக்குப் போய் ஒரு கோழியின் பெயர் ஏன் வந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரிந்த கதையில் எப்போதும் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியை நெரெய்தா மென்று முழுங்கி வைத்திருந்தாள்.

அவள் பிறந்து வளர்ந்தது மேற்கே மலைப்பக்கம். கம்போவாவுக்கு வந்தது, கப்பலில் விசைப்பொறி ஓட்டும் ஃபெர்மினைக் கட்டிக்கொண்டு. அதுவரை அவளுக்குப் பறவை என்றால் இரண்டு வகைதான்: முட்டை போடுவது, போடாதது. கப்பல் சமையலறையின் வட்ட ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள் டூக்கன் என்கிற பெருமூக்குப் பறவை வந்து உட்கார்ந்தது. அந்த மஞ்சள் மூக்கைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் சோறு தீய்ந்து, அன்றைக்குக் கப்பல் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டது. "திட்டினா திட்டட்டும், அந்த மூக்கை நீங்க பாக்கல இல்ல?" என்றாளாம். பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பைத்தியத்துக்குத் துணையாக வாய்த்தவள் இல்க்கா பிராத்வைட். வீட்டு முன்னறையிலேயே முடிதிருத்தும் கடை நடத்துகிறவள். நெரெய்தாவின் மகளுக்கு ஞானத்தாய். ஊரில் யாருக்கு எத்தனை நரை என்பதும், யார் வீட்டில் என்ன சண்டை என்பதும் இல்க்காவுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய எண்ணெய்க் குழாய்ச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போய்ப் பறவை பார்க்கிற கூட்டத்தில் நெரெய்தாவை இழுத்துப் போட்டதும் அவள்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் தனியாகப் பார்த்த பறவை பறவையே அல்ல. கூட ஒரு ஜோடிக் கண் வேண்டும். தனியாகப் பார்த்தவர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் சரி, ஞாயிறு காலைச் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கிழித்துவிடுவார்கள். சாட்சியோடு ஒரு புதுப் பறவையைப் பார்த்து வந்தவருக்கு, எண்ணெயிலிருந்து எடுத்த முதல் பொரித்த ரொட்டி. இந்தப் பொரித்த ரொட்டிக்காக அறுபது வயது ஆட்கள் சின்னப் பிள்ளைகள் போல் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், மற்றவர்கள் முன்னே போய்விட, டயரில் காற்று இறங்கிப்போன நெரெய்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்தங்கி வந்தாள். காட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளைச் சேற்றில் போட்டுவிட்டுக் கத்தினாள்:

"தரைக்குயில்! நான் தரைக்குயிலைப் பார்த்துட்டேன்!"

எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? படையெறும்புக் கூட்டத்தின் பின்னாலேயே தரையில் ஓடித் திரியும் அந்தப் பெரிய குயிலைப் பார்க்கத்தான் ஒவ்வொருவரும் அந்தச் சாலைக்குப் போகிறார்கள். வெளியே சொல்லிக்கொள்வது மட்டும் வேறு வேறு. ஆயுசு பூராவும் போய்ப் போய்ப் பார்க்காமலே ஓய்ந்துபோனவர்கள் அந்த மேசையில் பாதிப் பேர். அதைக் கூட்டத்துக்குப் புதுசாக வந்த கப்பல் சமையல்காரி பார்த்துவிட்டாளாம், அதுவும் தனியாக, அதுவும் மழை இருட்டில்.

அந்த மௌனத்தை உடைத்தது இல்க்கா.

"கொண்டை இருந்துச்சா?"

"இருந்துச்சுடி!"

"வாலு நீளமா?"

"இவ்ளோ நீளம்!"

"குடுகுடுன்னு ஓடுச்சா?"

"ஆமாடி, ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடுச்சு!"

"அப்ப அது பாவாடி. எங்க பாட்டன் குழம்புச் சட்டியில தினமும் அதைத்தான் பார்த்தாரு!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இல்க்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயில் ஒரு வேடிக்கை வந்துவிட்டால் அவளால் அதை அடக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு கழுவினாலும் போகவில்லை. அடுத்த வாரம் கப்பலில் பாவா. அதற்கடுத்த மாதம் மீன் கடையில் பாவா. மகளின் கல்யாணத்தில் பாதிரியாரே வாய் தவறி "பாவாவின் மகள்" என்று ஆரம்பித்துவிட்டு இருமினார்.

நெரெய்தா சிரித்துச் சமாளித்தாள். சமாளிக்காதவர் ஃபெர்மின். அவருக்குப் பருந்துக்கும் புறாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெண்டாட்டி பார்த்தேன் என்றால் பார்த்ததுதான், அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. இல்க்காவின் புருஷன் வின்ஸ்டன் டொமினோ ஆடும்போது ஒரு நாள், "உன் முறைடா, பாவா புருஷா" என்று சொல்ல, ஃபெர்மின் கட்டைகளை மேசையோடு கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தார். அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் ஆனால் வாசலில் தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்டார். டொமினோ ஆடாத ஆண்பிள்ளைக்கு அந்த ஊரில் சாயங்காலம் என்பது எத்தனை நீளம் என்று ஆடி நிறுத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கதையில் சொல்ல வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. முதல் மழைகள் பெய்து முடிந்த மே மாதம். விடிந்தும் விடியாமலும் இல்க்கா வாசலில் வந்து சைக்கிள் மணியை அடித்தாள்.

"ஏய் பாவா! எந்திரிச்சியா, இல்ல இன்னும் போர்வைக்குள்ள முட்டை போட்டுக்கிட்டிருக்கியா?"

"கத்தாதடி, தெருவே முழிச்சிக்கும். என்ன விஷயம்?"

"எறும்பு! நேத்து சாயங்காலம் மூணாவது பாலத்துக்கிட்ட பார்த்தேன். ரோட்டை அடைச்சிக்கிட்டுப் போகுது. ஆத்துத் தண்ணி மாதிரி, முடியவே இல்ல. எப்படியும் இன்னிக்கு அந்தப் பக்கத்துலதான் இறங்கியிருக்கும். கப்பலுக்கு லீவு சொல்லு."

"இன்னிக்கு எனக்கு லீவுதான்."

"அப்ப என்ன, மகாராணிக்குப் பல்லக்கு வரணுமா? கிளம்புடி!"

ஃபெர்மின் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். இல்க்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்க்கா, உன் புருஷன்கிட்டப் போய்ச் சொல்லு. டொமினோ மேசையைத் தொடச்சு வைக்கட்டும். இன்னிக்கு அந்தப் பறவையை நீயும் பார்ப்ப. பார்த்துட்டு வந்து நீயே அவன்கிட்டச் சொல்லுவ. அதுக்கப்புறம் நான் வந்து உக்காருவேன்."

"அண்ணே, அது கிடைச்சிடுச்சுன்னா நானே மேசையைத் தலையில தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல போடுறேன்!"

"சும்மா இரு ஃபெர்மின்," என்றாள் நெரெய்தா. சொல்லும்போது அவள் முகம் சரியாக இல்லை. அதை இருவருமே கவனிக்கவில்லை.

வெள்ளைப் பாலாடைக் கட்டியும் முந்தின நாள் ரொட்டியும் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நெரெய்தாவின் சைக்கிள் கியர் கிடையாத பழைய வண்டி. முன்னால் கம்பிக் கூடை. இல்க்காவின் வண்டிக்கு கியர் உண்டு, ஆனால் எந்த கியருக்குப் போவது என்பதைச் சங்கிலியே முடிவு செய்யும். வீடுகளைத் தாண்டி, பாசி பிடித்த குட்டையைத் தாண்டி, சாலை காட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். இல்க்காவின் வாயை மூடவைக்கிற ஒரே இடம் உலகத்தில் அதுதான்.

அந்தச் சாலையில் எத்தனை தடவை போனாலும் நுழைகிற அந்தக் கணத்தில் உடம்பு ஒரு தடவை சிலிர்க்கும். வெயில் மேலேயே நின்றுவிடும். கீழே பச்சையான ஒரு மங்கல், ஈரமண் வாசனை. எங்கோ ஊளைக்குரங்குகள் காடே உறுமுவது போல ஆரம்பித்து, இவர்களுக்கு வழி விட்டது போல ஓயும். நடந்து போனால் காலடிச் சத்தத்துக்கே எல்லாம் ஒளிந்துகொள்ளும். சைக்கிளில் போகிறவனைக் காடு மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லையோ என்னவோ, சக்கரம் மெல்ல உருண்டு போனால் ஒன்றும் அசையாது. தாழ்ந்த கிளையில் ஒரு தீக்காக்கை ஜோடி, வயிறு மட்டும் நெருப்பாக, இவர்கள் கடந்து போவதை மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தது. கை நீட்டினால் தொடலாம். நெரெய்தா நீட்டவில்லை. எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், இருந்தும் மிதிக்க மறந்தாள். இத்தனை அழகையும் காடு யாருக்காகச் செய்து வைத்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நமக்காக இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததும் இன்னும் பிரமிப்பாக இருந்தது.

மூன்றாவது பாலத்தைத் தாண்டிய ஏற்றத்தில் இல்க்காவின் சங்கிலி கழன்றது.

"சனியன்!" என்று அவள் குனிந்தாள். கையெல்லாம் கரி. "பாவா, உன் கூடையில துணி இருக்கா?"

நெரெய்தா காதைத் தீட்டினாள். விரலை உயர்த்தினாள். இடதுபக்கம், காட்டுக்குள், கொஞ்சம் தள்ளி, ஒரு சீறலான சிணுங்கல். அதற்குப் பதிலாக இன்னொன்று. எறும்புப் பறவைகள்! படையெறும்பு கிளம்புகிற இடத்தில் முதலில் அவைதான் பந்திக்கு வந்து உட்காரும்.

இல்க்காவின் கை சங்கிலியை அப்படியே விட்டது. இருவரும் வண்டிகளைச் சாலையோரம் சத்தமில்லாமல் படுக்கவைத்தார்கள். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் திணித்து, அதன் மேல் கயிறு கட்டினார்கள். இதைச் செய்யாமல் படையெறும்புப் பக்கம் போனவர் மறுபடி வாழ்க்கையில் அதைச் செய்யாமல் போக மாட்டார்.

இருபது முப்பது அடி உள்ளே போயிருப்பார்கள். முதலில் கேட்டது சத்தம்தான். மழை இல்லை, ஆனால் தரையெங்கும் தூறல் விழுகிற சத்தம். காய்ந்த இலைகளின் அடியில் லட்சக்கணக்கான கால்கள். பிறகு தரையே நகர்ந்தது. கறுப்பாக, அகலமாக, ஒரு பாயை யாரோ இழுத்துக்கொண்டு போவது போல் எறும்புகள் வந்தன. அதற்கு முன்னால் உயிருள்ளது எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது: வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி, தேள், விரல் நீளப் பல்லி. ஓடியதைப் பிடிக்க, புள்ளி போட்டவை, வெள்ளை மார்பு உள்ளவை, கண்ணைச் சுற்றி நீலமானவை என்று எறும்புப் பறவைகள் குச்சிக்குக் குச்சி தாவின. மரத்தில் ஒட்டி ஏறும் பறவைகள் அடிமரத்துக்கு இறங்கி வந்திருந்தன. சாவும் விருந்தும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்.

"அம்மாடியோ," என்றாள் இல்க்கா, மூச்சிலேயே.

இருவரும் ஒரு பெரிய மரத்தின் பலகைவேருக்கு முதுகைக் கொடுத்து நின்றார்கள். எறும்பு காலணியை முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஒன்றிரண்டு கயிற்றைத் தாண்டி உள்ளேயும் போயின. கடித்தன. இருவரும் அசையவில்லை.

காத்திருக்கிற நேரத்தில்தான் மனசு வேண்டாததை எல்லாம் கிளறும். நெரெய்தாவுக்கு அந்த மழைச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. கொண்டை இருந்தது, பொய் இல்லை. வால் நீளம், பொய் இல்லை. ஓடியதும் பொய் இல்லை. ஆனால் இல்க்கா கேட்காமல் விட்ட ஒன்று உண்டு, தானாகவும் அவள் சொல்லவில்லை. ரோட்டைத் தாண்டும்போது அது தலையைத் தூக்கியது. தூக்கியபோது கழுத்தடியில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. ஒரு கணம்தான். பழுத்த இலையாக இருக்கும் என்று அப்போதே சொல்லிக்கொண்டாள். மழையில் கண் பொய் சொல்லும் என்று அன்றைக்கு ராத்திரி சொல்லிக்கொண்டாள். பிறகு வருஷக்கணக்கில் அந்தச் சிவப்பைப் பற்றி ஒருவரிடமும், ஃபெர்மினிடமும்கூட, மூச்சு விடவில்லை. ஒவ்வொரு தடவை யாராவது பாவா என்று கூப்பிடும்போதும் அவளுக்குக் கோபம் வந்ததே தவிர, முழுக்கோபம் வந்ததில்லை. அதனால்தான் இத்தனை வருஷமும் இந்தக் காட்டுக்கு வந்து வந்து தேடினாள். ஊருக்கு நிரூபிக்க என்று ஊர் நினைத்தது. அவளுக்கு வேண்டியது வேறு. தான் பார்த்தது எது என்று அவளுக்கே தெரிய வேண்டும்.

டக். டக். டக்.

இரண்டு காய்ந்த கட்டைகளை யாரோ தட்டினார்கள். எறும்புப் பறவைகள் சட்டென்று அடங்கின. இல்க்கா நெரெய்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உடும்புப் பிடி.

விழுந்து கிடந்த மரத்தின் மேல் அது ஏறி நின்றது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு கணம் முன்னால் அங்கே மரம் இருந்தது, இப்போது மரத்தின் மேல் அது இருந்தது. சேவல் அளவுக்கு, ஆனால் சேவலின் கனம் இல்லை. உடம்பே காலும் வாலுமாகத்தான் தெரிந்தது. முதுகில் பழைய செம்புப் பாத்திரத்தின் பச்சையும் பழுப்பும் ஒளிக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தன. மார்பின் குறுக்கே மையால் இழுத்த ஒரு கறுப்புக் கோடு. கண்ணுக்குப் பின்னால் வெறும் தோல், அதில் ஒரு நீலம். அப்படி ஒரு நீலத்தை நெரெய்தா எந்தத் துணியிலும் எந்த வானத்திலும் பார்த்ததில்லை. கொண்டையை மெல்ல எழுப்பியது. மெல்ல அடக்கியது. பச்சை மஞ்சள் மூக்கை ஒரு தடவை தட்டியது. டக்.

பிறகு குதித்தது. ஓடியது என்று சொல்லக் கூடாது, அங்கிருந்து இங்கே வந்துவிட்டது. எறும்புக் கூட்டத்தின் முன்னால் பாய்ந்த ஒரு தேளைக் கொடுக்கோடு கவ்வி, தரையில் இரண்டு அடி அடித்து விழுங்கியது. இவர்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம்கூட இருக்காது. விழுங்கிவிட்டுத் தலையைத் திருப்பி, நெரெய்தாவை நேராகப் பார்த்தது.

அந்தப் பார்வையில் பயம் இல்லை. நட்பும் இல்லை. நீ இருக்கிறாய், சரி, என்பது போல ஒரு பார்வை. அவள் மூச்சு விடவில்லை. தொலைநோக்கி கழுத்தில் தொங்கியது, அதைத் தொடவேண்டும் என்றே தோன்றவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது, துடைக்கவில்லை. செத்துப்போனால்கூட இப்போது பரவாயில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே, ஐயோ வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

அது கழுத்தை நீட்டியது. கழுத்தடி முழுவதும் தெரிந்தது. வெளிறிய பழுப்பு, செதில் செதிலாக. சிவப்பு எங்கேயும் இல்லை.

வாலை ஒரு தடவை உயர்த்தியது. ஒரு தாவல். இலைகள் மட்டும் ஆடின.

எத்தனை நேரம் அப்படியே நின்றார்கள் என்று இருவருக்கும் தெரியாது. எறும்புகள் முழுக்கத் தாண்டிப் போன பிறகு இல்க்கா பிடியை விட்டாள். நெரெய்தாவின் மணிக்கட்டில் சங்கிலிக் கரியோடு நாலு விரல் தடம் பதிந்திருந்தது. சாலைக்கு வந்தார்கள். இல்க்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் முதலில் பேச்சை எடுக்கிறவள், கரிக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"என்னை மன்னிச்சிடுடி."

"எதுக்கு?"

"எதுக்கா? இந்த வாயால நான்தானடி உனக்கு அந்தப் பேரை வச்சேன்! நீ சத்தியமா பார்த்துட்டு வந்து நின்ன. நான் சிரிச்சேன். ஊரே உன்னை நாறடிச்சுது. உன் பொண்ணு கல்யாணத்துல கூட... என் நாக்கை அறுத்துப் போடணும்."

"எறும்பு கடிச்சதுக்கு அழறியா, இதுக்கு அழறியா?"

"விளையாடாதடி! ஞாயித்துக்கிழமை வரட்டும். மேசை மேல ஏறி நின்னு சொல்றேன். இவதான் மொதல்ல பார்த்தா, நாம எல்லாம் குருட்டுப் பசங்கன்னு சொல்றேன். இனிமே எவனாவது உன்னைப் பாவான்னு கூப்பிட்டான், பல்லைக் கழட்டிக் கையில குடுப்பேன். வின்ஸ்டன் வந்து உன் புருஷன் கையைப் பிடிச்சுக் கூப்பிடுவான், நான் கூப்பிட வைக்கிறேன்."

நெரெய்தா சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். இல்க்காவின் சங்கிலியை அவளே மாட்டிக் கொடுத்தாள். இருவரும் திரும்பி மிதித்தார்கள். இல்க்கா முன்னால், வாய் ஓயாமல், ஞாயிற்றுக்கிழமை என்னென்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். நெரெய்தா பின்னால் வந்தாள்.

சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷத்து அழுக்கும் தானாகக் கழுவிக்கொண்டு போய்விடும். பெயர் போய்விடும். ஃபெர்மின் இன்றைக்குச் சாயங்காலமே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டொமினோ ஆடுவார். யாருக்கு என்ன நஷ்டம்? மழையில் ஓடிய ஒரு கோழி வந்து சாட்சி சொல்லப் போகிறதா?

ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் அந்த நீலம் கண் முன்னால் வந்தது. அந்தத் தேளை அடித்த அடி, அந்தக் கொண்டை எழுந்து அடங்கிய விதம், அந்தப் பார்வை. அன்றைக்கு மழையில் பார்த்தது தரைக்குயில்தான் என்று தலையாட்டிவிட்டால், இன்றைக்குப் பார்த்தது இரண்டாம் தடவை ஆகிவிடும். ஆயுசுக்கும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும். "அப்பவே பார்த்தேன், அப்புறம் இன்னொரு தடவை பார்த்தேன்." இன்னொரு தடவை! மூச்சு நின்ற அந்த நேரத்தை ஒரு கோழிக்குப் பின்னால் வரிசையில் நிற்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பாலத்தின் நடுவில் பிரேக் பிடித்தாள்.

"இல்க்கா. நில்லு."

இல்க்கா காலை ஊன்றித் திரும்பினாள்.

"என்னடி? பஞ்சரா?"

"அன்னிக்கு நான் பார்த்தது பாவாடி."

"என்னது?"

"பாவா. காட்டுக்கோழி. கழுத்துல சிவப்பு இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

கீழே தண்ணீர் கல்லில் மோதி ஓடிக்கொண்டிருந்தது. இல்க்காவின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு குழப்பம் வந்தது, கடைசியில் அவளுக்கே உரிய அந்தப் பொல்லாத சிரிப்பு உதட்டோரத்தில் வந்து, வரலாமா வேண்டாமா என்று நின்றது.

"உனக்குப் பைத்தியமாடி? நான் நம்பிட்டேன்ல. ஊரே நம்பப் போகுது. இப்ப எதுக்கு இதைச் சொல்ற? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உன் புருஷன்? அந்த மனுஷன் உனக்காக டொமினோவையே விட்டாரு! அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். திட்டுவாரு. ரெண்டு நாள் பேச மாட்டாரு. அப்புறம் அவரே போய் உக்காந்து ஆடுவாரு. ஆடாம எத்தனை நாள் இருப்பாரு, பாவம்."

"அப்ப நான் அழுதது?"

"அதைத் திருப்பித் தர முடியாது. வச்சுக்கோ."

இல்க்காவால் அடக்க முடியவில்லை. சைக்கிள் கைப்பிடியின் மேல் கவிழ்ந்து, பாலத்துப் பலகை அதிரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கினபோது கண் மறுபடி நனைந்திருந்தது. நெரெய்தாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த முகம் காட்டில் பார்த்த அதே முகமாக, இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பது போல இருந்தது.

"சரி, ஞாயித்துக்கிழமை என்ன சொல்லட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் பார்த்தோம்னு சொல்லு," என்றாள் நெரெய்தா. "ரெண்டு பேருக்கும் அதான் மொத தடவைன்னு சொல்லு."